ராஸ்டரைஸ் கடைசி வழியாகட்டும்
போட்டோஷாப்பில் எழுத்து லேயரின் மேல் பிரஷ் ஓட்டப் போனால், ராஸ்டரைஸ் செய்யவா, அதாவது பிக்சலாக மாற்றவா என்று மென்பொருள் கேட்கும். யோசிக்காமல் சம்மதிப்பது தவறு. எழுத்து லேயர் வெக்டராக இருக்கிறது; வெக்டர் என்பது கோடுகளின் கணக்கு. எந்த அளவுக்கும் தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். பிக்சலாக மாறியதும் அந்தச் சுதந்திரம் போய்விடும்: 300 பிபிஐயில் 2 அங்குல அகல எழுத்துக்கு 600 பிக்சல்தான், 20 அங்குலமாக இழுத்தால் அங்குலத்துக்கு 30தான் தேறும். இலஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸ் மீட்டுத் தராதா என்பார்கள். அது விளிம்புகளை ஊகித்து வரைகிறதே தவிர, திருத்தக்கூடிய எழுத்தைத் திருப்பித் தருவதில்லை. நாம் பயன்படுத்திய எழுத்துரு அச்சகத்தில் இருக்காதே என்ற கவலை நியாயமானது. அதற்கு எழுத்தை வடிவமாக மாற்றினாலே போதும், வெக்டர் தன்மை கெடாது. ஃபில்டர் போட ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இருக்கிறது. வண்ணம் தீட்ட கிளிப்பிங் மாஸ்க் இருக்கிறது. அப்படியும் ராஸ்டரைஸ் செய்தே ஆகவேண்டுமென்றால், முதலில் அந்த லேயரின் நகல் ஒன்றை எடுத்து மறைத்து வையுங்கள்.