உங்க இஷ்டம்

2021 மார்ச் முதல் வாரம். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று மத்திய அரசு வெளியிட்ட இணைநோய்ப் பட்டியல். 45 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் யாரெல்லாம் முதலில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று இருபது நோய்நிலைகளைச் சொன்னது அது. நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரையோ, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர்கள் அதில் உண்டு. அதாவது நான். இன்னொன்று கோவேக்சின் தயாரித்த பாரத் பயோடெக் ஜனவரியில் வெளியிட்ட தகவல் தாள். ஊசியைத் தவிர்க்க வேண்டியவர்கள் யார் என்ற இடத்தில், நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் என்று இருந்தது. அதுவும் நான்தான்.

முதல் ஆளா வா என்கிறது அரசு. வராதே என்கிறது கம்பெனி. எந்த ஊசி வேண்டும் என்று கேட்கிற பேச்சே கிடையாது என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். மையத்தில் எது இருக்கிறதோ அதுதான். முன்னுரிமையில் போட்டுக்கொள்ள ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அந்த டாக்டர். "அப்ப போட்டுக்கலாம்தானே சார்?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அது உங்க இஷ்டம்மா."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது.

எனக்கு முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். வயதானால் எல்லோருக்கும் வருகிற மூட்டுத் தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். என் உடம்பின் காவல்காரன் என் வீட்டுக்காரர்களையே திருடன் என்று நினைத்து அடிக்கிறான். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. காபி டபராவைப் பிடிக்க முடியாது. அந்தக் காவல்காரனை அடக்கி வைக்கத்தான் வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினம் ஹைட்ராக்ஸிக்குளோரோகுயின், வலி ஏறினால் கொஞ்சம் ஸ்டீராய்டு.

இதை எதிர் வீட்டு மாமிக்கு விளக்க நான் பத்து வருஷமாக முயன்று தோற்றிருக்கிறேன். 2020 முழுக்க, ஊரே 'எதிர்ப்பு சக்தி' என்ற சொல்லைத்தான் ஜபித்தது. கபசுரக் குடிநீர், நிலவேம்பு, சுக்கு, மிளகு, சிங்க் மாத்திரை. மாமி சொம்பு நிறையக் கஷாயத்தோடு வந்து, "உனக்குத்தான் எதிர்ப்பு சக்தியே கிடையாதே, இதைக் குடிடீ கொழந்தே" என்பார். எனக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சல் இல்லை மாமி, அது கிறுக்குப் பிடித்து அலைகிறது என்று சொன்னால் சிரிப்பார். மாமி மேல் எனக்குக் கோபமில்லை. எதிர்ப்பு சக்தி என்பதை ஏதோ தண்ணீர்த் தொட்டி மாதிரி, நிரப்ப நிரப்ப நல்லது என்று விளம்பரம் செய்தவர்கள் மேல்தான் கோபம். தன் எதிர்ப்பு சக்தியைக் கண்டே பயந்து வாழ்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று அவர்கள் ஒரு நிமிஷம் யோசித்ததில்லை.

அதே 2020 மார்ச்சில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஹைட்ராக்ஸிக்குளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்று கிளம்பியது பேச்சு. சுகாதாரப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாகக் கொடுக்கலாம் என்று ஐசிஎம்ஆர் பரிந்துரைத்தது. அமெரிக்க அதிபர் அதைக் கொண்டாடினார். இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்து, ஏப்ரலில் தளர்த்தியது. இந்த ராஜதந்திரத்துக்கு நடுவே, சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கியும் என் மாத்திரை கிடைக்கவில்லை. "அக்கா, எல்லாரும் அட்டை அட்டையா வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் கடைத் தம்பி. அந்த மருந்து கொரோனாவுக்குப் பயன்படாது என்று பெரிய ஆய்வுகள் சில மாதங்களிலேயே காட்டிவிட்டன. லூப்பஸ்காரர்களுக்கும் எங்களுக்கும் அது தினசரிச் சோறு மாதிரி. எங்களைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஊசி என்று வந்ததும் மட்டும் முடிவு எங்கள் இஷ்டம் ஆகிவிட்டது.

நோயாளிக்கு உரிமை வேண்டாமா, டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கையைக் கட்டி நிற்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். உரிமை வேண்டும். ஆனால் விவரம் இல்லாத உரிமை என்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நாகரிகமான வழி. 'உங்க இஷ்டம்' என்று சொல்லும் டாக்டர் என் சுதந்திரத்தை மதிக்கவில்லை. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் தன் பெயர் அதில் வரக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

விவரம் இல்லாமலா இருந்தது? இருந்தது. 2021 பிப்ரவரியிலேயே அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி தன் வழிகாட்டுதலை வெளியிட்டுவிட்டது. போட்டுக்கொள்ளுங்கள் என்றது. நோய் கட்டுக்குள் இருந்தால் ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்துங்கள், ஹைட்ராக்ஸிக்குளோரோகுயினைத் தொட வேண்டாம், ரிட்டுக்ஸிமேப் ஏற்றிக்கொள்கிறவர்கள் மட்டும் தேதியை முன்பின் பார்த்துத் திட்டமிடுங்கள் என்று மருந்து மருந்தாகச் சொன்னது. எங்களைப் போன்றவர்கள் பயப்பட வேண்டியது உயிருள்ள கிருமி இருக்கும் ஊசிகளுக்கு: மஞ்சள் காய்ச்சல், தட்டம்மை, அம்மை ஊசிகள் அந்த வகை. கோவேக்சின் செத்த வைரஸ். கோவிஷீல்டில் இருப்பது உடம்புக்குள் பெருக முடியாதபடி செய்த வைரஸ். இரண்டுமே அந்தப் பயத்துக்குள் வராது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? எனக்கு யாரும் சொல்லவில்லை. மெட்ராஸில் இருக்கும் தம்பி மகன் தேடிப் பிடித்து அனுப்பினான்.

உண்மையாகவே தெரியாத விஷயங்களும் இருந்தன. முக்கியமான பரிசோதனைகளில் எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஊசி போட்டால் நோய் கிளம்புமா, எத்தனை பேருக்குக் கிளம்பும் என்பதற்கு அன்றைக்கு எண்ணிக்கை கிடையாது. அதைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். மாறாக, அனுமதி கொடுத்த அன்று மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி ஊசிகள் 110 சதவீதம் பாதுகாப்பானவை என்றார். நூற்றுக்கு நூற்றுப்பத்து என்பது ஆடித் தள்ளுபடி பேச்சு. முழு நம்பிக்கை கேட்கிற இடத்தில் கணக்கே தப்பாக இருந்தால் படித்தவளும் தயங்குவாள். அப்படித் தயங்கியவர்களை முட்டாள்கள், வாட்ஸப் பல்கலைக்கழகம் என்று கேலி செய்த நம் முற்போக்கு நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. நான் வாட்ஸப் படித்துப் பயப்படவில்லை ஐயா, கம்பெனி அச்சடித்த தாளைப் படித்துப் பயந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் போட்டுக்கொண்டேன். கோவிஷீல்டு. அந்த வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினேன். முதல் இரவு காய்ச்சல். நான்காம் நாள் இரண்டு மணிக்கட்டும் வீங்கின. பத்து நாள் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. இதை மறைத்துவிட்டு 'எனக்கு ஒண்ணுமே ஆகல' என்று எழுதினால் நானும் அந்த 110 சதவீதக் கோஷ்டியில் சேர்ந்தவள் ஆவேன். வந்தது. ஸ்டீராய்டைக் கொஞ்சம் ஏற்றினேன். போயிற்று. பிறகு ஐரோப்பிய ருமட்டாலஜிக் கூட்டமைப்பு ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைத் திரட்டியபோது, நோய் கிளம்பியவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர், கடுமையாகக் கிளம்பியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று தெரிந்தது. அந்த நான்கைந்தில் நான் ஒருத்தி.

உறையூரில் இருந்த என் பெரியம்மா பெண்ணுக்கு லூப்பஸ். என்னைவிட இரண்டு வயது பெரியவள். சிறுநீரகம் வரை போய்த் திரும்பிய கேஸ். எனக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் அவளும் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. போனில் என் மணிக்கட்டு வீக்கத்தைக் கேட்டு, "அவ்வளவுதானேடி, பொறுத்துக்கலாம்" என்றாள். ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோர் கண் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டார், மக்களுக்குத் தைரியம் சொல்லத்தான். 17ஆம் தேதி காலை மாரடைப்பில் இறந்துபோனார். டாக்டர்கள் தொடர்பில்லை என்றார்கள். மாதங்கள் கழித்து மத்திய அரசின் குழுவும் அதையே சொன்னது. ஆனால் அந்த வாரம் உறையூர் வீட்டில் அத்திம்பேர் ஒரே பிடியாக நின்றார்: நல்லா இருந்த மனுஷனுக்கே இப்படின்னா, இவ உடம்பு தாங்குமா? அவளும் தன் டாக்டரைப் போய்க் கேட்டாள். அங்கேயும் அதே பதில். உங்க இஷ்டம். அவளுடைய இஷ்டத்தை அத்திம்பேர் முடிவு செய்தார்.

மே மூன்றாவது வாரம் அவளுக்குக் கொரோனா வந்தது. பதினோரு நாள். கொள்ளிடக் கரைக்கு நாங்கள் யாரும் போக முடியவில்லை.

ஒரு டோஸ் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் சாப்பிட்ட மருந்துகளோடு ஊசி முழுதாக வேலை செய்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் அவள் முன் வைக்கப்பட்ட கணக்கே தப்பு. ஊசியா, சும்மா இருப்பதா என்று வைத்தார்கள். ஊசியா, வைரஸா என்பதுதான் கேள்வி. எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பும் என்று ஊசிக்குப் பயந்தோமே, வைரஸ் அதே மண்டலத்தைத் தலைகீழாகக் கவிழ்க்கும் என்று யார் சொன்னார்கள்? தினம் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் கொரோனாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வாய்ப்பு கூடுதல் என்பது 2020லேயே உலக அளவில் பதிவானது. அவள் அதற்கும் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

2024இல் ஆஸ்ட்ராஜெனிகா லண்டன் நீதிமன்றத்தில், மிக அரிதாக ரத்தம் உறையும் பக்கவிளைவு வரலாம் என்று ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது அத்திம்பேர் போன் செய்தார். "பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்." நான் சண்டை போடவில்லை. அந்தப் பக்கவிளைவை ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் முதல் வாரமே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அது எங்கள் நோய்க்காரர்களைத் தேடிப் பிடிக்கிற விஷயமும் இல்லை. ஆனால் இங்கே யாரும் அதை ஜனங்களிடம் உட்கார்ந்து பேசாததால், மூன்று வருஷம் கழித்து அது மறைத்து வைத்த ரகசியம் மாதிரி வெளியே வந்தது. அத்திம்பேருக்கு அது தேவையாகவும் இருந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கட்டுரையை அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கொரோனா முடிந்த கதை, இப்போது எதற்கு என்பீர்கள். எங்களுக்கு முடியவில்லை. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, அக்கி ஊசி என்று எங்கள் நோய்க்கு ஒரு வரிசையே உண்டு. ஸ்டீராய்டும், இப்போது நிறையப் பேருக்கு எழுதித் தரும் டோஃபாசிட்டினிப் மாத்திரையும் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத ஊசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு டோஸ், ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்குப் பக்கம். அரசின் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளோடும் கர்ப்பிணிகளோடும் நின்றுவிடுகிறது. 2021 செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம் போட்டுத் தெருத்தெருவாக ஊசியோடு வந்த அதே தமிழ்நாட்டில், எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு நிமோனியா ஊசி போட வழியில்லை. மாத்திரையைக் கொடுக்கிற கைதானே ஊசியையும் கொடுக்க வேண்டும்? மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் நிறுத்தினால் பூஸ்டருக்குப் பின் எதிர்ப்பணுக்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன என்று பிரிட்டனில் 2022இல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது. அது எத்தனை மருந்துச் சீட்டில் ஏறியிருக்கிறது?

போன மாதம் கிளினிக் வராந்தாவில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயசு இருக்கும், லால்குடி. நோய் கண்டுபிடித்து நாலு மாதம். கையில் நிமோனியா ஊசிக்கான சீட்டு. "அக்கா, இதைப் போட்டா நோவு கூடும்ங்கிறாங்க. டாக்டர் விருப்பம்னா போட்டுக்கன்னு சொல்லிட்டாரு. நீங்க போட்டீங்களா?"

போட்டேன் என்றேன். என்ன ஆச்சு என்றாள். கை ஒரு நாள் வலித்தது என்றேன். மருந்துக்கடை பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு அதன் பின்னால் எழுதிக் கொடுத்தேன்: இது உயிருள்ள கிருமியா? இந்த வாரம் எந்த மாத்திரையை நிறுத்தணும், எத்தனை நாள்? வீக்கம் வந்தா யாருக்கு போன் பண்ணணும்? உள்ளே போய் இந்த மூணுக்கும் பதில் வாங்காம எழுந்து வராதே என்றேன். டோக்கன் கூப்பிட்டார்கள். பில்லை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனாள். வழக்கமாக ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான். அவள் உள்ளே போய் இருபது நிமிஷம் ஆகியும் கதவு திறக்கவில்லை. வராந்தாவில் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.