நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், பெயரைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்ததும் முதலில் என்ன செய்கிறார்கள்? ஈமெயில் முகவரி ஒன்றை உருவாக்குகிறார்கள். அடுத்து, ஏதாவது ஒரு பொருளை ஆர்டர் செய்து பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நான் இருப்பது விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டு. மேக்கப் சாமான் வேண்டும் என்றால் விழுப்புரத்துக்கோ செஞ்சிக்கோ பஸ் ஏற வேண்டும். கல்யாணம் நிச்சயமாகியிருந்த என் அக்கா மகள், அந்த அலைச்சல் வேண்டாம் என்று என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கடையில் 900 ரூபாய் விற்கும் பவுண்டேஷன் அங்கே 240 ரூபாய். நான்கரை நட்சத்திரம் வேறு! "இத்தனை பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க மாமா" என்றாள். நானும் தலையாட்டினேன்.

பூசிப் பார்த்த மறுநாள் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "டப்பா எங்கே?" எடுத்துப் பார்த்தோம். தயாரித்தவர் முகவரி இல்லை. பேட்ச் எண் இல்லை. கம்பெனியின் பெயரிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது. கல்யாணத்துக்கு நாள் இருந்ததால் பிழைத்தோம். கிளிக் செய்யக் கற்றுக்கொடுத்த நான், சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

நட்சத்திரங்களை நம்பலாமா? 2018ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. வாங்கியவர்களிடம் 90 சதவீதத்துக்குக் குறையாத மதிப்பீடு பெற்ற விற்பனையாளர்களிடமிருந்து, பிரபலமான இணையதளங்கள் வழியாக 47 பொருட்களை வாங்கியது. அவற்றில் 20 போலி. மேக்கப் பொருட்கள் மட்டும் 13. அந்தப் பதின்மூன்றுமே போலி!

காரணம் எளிது. இணையதளம் என்பது வாரச்சந்தை மாதிரி. சந்தையை நடத்துபவர் வேறு, உள்ளே கடை போட்டிருப்பவர் வேறு. நாம் சந்தையின் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். பொருளைத் தருபவரோ நமக்கு முன்பின் தெரியாதவர்.

எனவே ஆர்டர் பட்டனைத் தொடும் முன், பொருளின் பக்கத்தில் 'விற்பவர்' என்று இருக்கும் பெயரின் மீது மவுசால் கிளிக் செய்யுங்கள். விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற விவரங்களைக் காட்ட வேண்டும் என்று 2020ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இவை இல்லையா? பக்கத்தை மூடிவிடுங்கள். தயாரிக்கும் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்கும் போய், அங்கே என்ன விலை என்று பாருங்கள். அதில் கால் பங்கு விலைக்கு யாராவது கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

பார்சல் வந்ததும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். பிரிப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை லேபிளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், அந்தப் பதிவைப் பெற்றவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் புதிய வழக்கம் இல்லை. எங்கள் ஊரில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் விசித்திரசித்தன் இதை உண்டாக்கினான் என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது அந்த மன்னனின் பட்டப்பெயர். செய்தது யார், எது சேரவில்லை என்று சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். முகத்தில் பூசும் பொருளுக்கு நாம் அதைக்கூடக் கேட்பதில்லை.

'கொஞ்சம் அரிப்புதானே' என்று விடக்கூடாது. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 15 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். இதுபோன்ற கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

விற்பனைத் தளங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பது என் கருத்து. மேக்கப் பொருள் என்றால் லேபிளின் தெளிவான படம் இல்லாமல் விற்க அனுமதிக்கவே கூடாது. 'விற்றவர் வேறு ஒருவர்' என்று கைகழுவுவது நியாயமல்ல.

அதுவரை நம் உரிமையை நாமே பயன்படுத்த வேண்டியதுதான். போலிப் பொருளைத் திரும்ப வாங்க மறுக்க விற்பவருக்கு அதிகாரம் கிடையாது. தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். நாங்கள் டப்பாவைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தோம். படங்களோடு புகார் எழுதியதும் பணம் திரும்ப வந்தது. அக்கா மகள் இப்போது விற்பவர் பெயரைப் படிக்காமல் சீப்புகூட வாங்குவதில்லை.