சட்டம் உறங்குகிறது, குளங்கள் சாகின்றன!

ஆற்றுவாழை தென் அமெரிக்காவின் செடி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கென இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. ஆபத்தையுணர்ந்த ஆங்கில ஆட்சி 1909இலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றிற்று. நூறாண்டு கடந்தும் கண்ட பயன் யாது? சட்டம் ஏட்டில்; செடி குளத்தில்!

அது நீர்ப்பரப்பை மூடுகிறது, ஒளி மறைகிறது, பிராணவாயு குறைகிறது, மீன் மடிகிறது, நம் அல்லியும் தாமரையும் இடமிழந்து அழிகின்றன. ஒருமுறை அள்ளியெறிந்தால் ஒழியாது. சேற்றிற் கிடக்கும் விதை பல்லாண்டு உயிர்தாங்கி மீண்டும் முளைக்கும். இடையறாது செய்யவேண்டிய பணியை ஒருநாட் சிரமதானமாக்கிப் படம்பிடித்து மகிழும் அதிகாரிகளைக் கேட்கிறோம்: குளத்தை நம்பிய உழவனும் மீனவனும் எவரிடம் முறையிடுவது? விழாக்கள் போதும்! ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள், ஆள் நிறுத்துங்கள், வேரோடு களையுங்கள்!