எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்

‘மீதிப் பணத்தைச் சரிபார்த்து வாங்கவும். பிறகு கேட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் இந்த அறிவிப்பு நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதன்படி நடக்கிறவர்கள்தான் குறைவு. நீட்டிய கையில் தாள்களும் காசுகளும் பில்லும் ஒன்றாக வந்து விழுகின்றன. பின்னால் நிற்பவர் அதற்குள் தன் கூடையை மேஜைமேல் வைத்துவிட்டார். ‘நின்று எண்ணினால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ’ என்ற கூச்சம் வேறு. அப்படியே சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூறு ரூபாய் குறைகிறது.

திரும்பிப் போய்க் கேட்டால் நம்புவார்களா, நாலு பேர் முன்னால் பொய்க்காரராக நிற்க வேண்டியிருக்குமா என்று யோசித்தே பெரும்பாலோர் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர் விட்டுவிடலாம். முதியோர் உதவித்தொகையை வைத்து மாதத்தை ஓட்டும் பாட்டியால் அப்படி விட முடியாது. அரை கிலோ பருப்பு வாங்க அனுப்பப்பட்ட சிறுவன், மீதி குறைந்ததற்காக வீட்டில் திட்டு வாங்குகிறான். ‘நான் எடுக்கலம்மா’ என்று அவன் அழுவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்குக் கணக்கு புரிந்தாலும், அதைத் தமிழில் கேட்க வாய் வருவதில்லை.

பார்வையற்றவர்களின் நிலைமை இன்னும் கடினம். 2016 முதல் வந்த புதிய வரிசையில் 200 ரூபாய்த் தாளின் நீளம் 146 மில்லிமீட்டர். 500 ரூபாய்த் தாள் 150. அகலம் இரண்டுக்கும் ஒன்றே. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை, நெரிசலில் நின்றுகொண்டு விரல் நுனியால் கண்டுபிடிக்க வேண்டும். 100-ல் முக்கோணம், 500-ல் வட்டம் என்று தடவி அறியும் புடைப்புக் குறிகள் உண்டு; கைமாறிக் கைமாறி அவை தேய்ந்துவிடுகின்றன. தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செல்போன் செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது, இணைய இணைப்பு இல்லாமலும் அது வேலை செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு தாளாகக் காட்டிக் கேட்கும்வரை காத்திருக்கும் பொறுமை நம் கடைகளின் வரிசையில் இருக்கிறதா? நல்ல பார்வை உள்ளவர்களுக்கே மங்கிய விளக்கில் மஞ்சள் 200-ம் பச்சை கலந்த மஞ்சள் 20-ம் குழம்பிப்போகின்றன.

மேஜைக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். பெரிய கடைகளில் கல்லாவில் இருப்பது முதலாளி அல்ல. மாதச் சம்பளத்துக்கு வந்த ஓர் இளம்பெண். கால் கடுக்க நின்று, நூற்றுக்கணக்கான பில்களைப் போட்டு, இரவில் ஷட்டரை இறக்கிய பிறகு கணக்கை ஒப்படைக்கிறார். குறைந்தால் ‘ஷார்ட்டேஜ்’ என்று பல இடங்களில் அவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் பங்க் ஊழியருக்கும் பஸ் கண்டக்டருக்கும் இதே கதிதான். ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்குப் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். அதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எத்தனை கடைகளில் கேட்கிறார்கள்?

ஆகவே, மீதி அதிகமாக வந்தால் அதை அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொள்வதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ‘இவ்வளவு பெரிய கடைக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டா?’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள், அந்த நூறு ரூபாய் கடையின் கணக்கில் குறையாமல் ஒரு பெண்ணின் சம்பளக் கவரில் குறையக்கூடும் என்பதை அறிய வேண்டும். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-வது பிரிவு: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் இது பொது.

பழைய மளிகைக் கடை அண்ணாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. 163 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய் கொடுத்தால், அவர் மனசுக்குள் கழித்தல் கணக்குப் போடமாட்டார். அந்தத் தாளைக் கல்லாவுக்குள் போடாமல் தராசின்மேல் வைத்துக்கொள்வார். இரண்டு ரூபாய்க் காசை உங்கள் கையில் வைத்து ‘நூத்தி அறுபத்தஞ்சு’ என்பார். ஐந்து ரூபாய் வைத்து ‘எழுபது’. பத்து, ‘எம்பது’. இருபது, ‘எரநூறு’. அப்புறம் மூன்று நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு ‘முந்நூறு, நானூறு, ஐந்நூறு, சரியா தம்பி?’ என்று கேட்டு, நீங்கள் தலையாட்டிய பிறகுதான் உங்கள் தாள் கல்லாவுக்குள் போகும். கொடுத்தது இருநூறா ஐந்நூறா என்ற தகராறுக்கு அங்கே வேலையே இல்லை, தாள் எல்லோர் கண்ணெதிரிலும் கிடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த எண்ணிக்கை காதில் விழுகிறது.

இப்போது மீதியை பில்லிங் மெஷின் சரியாகச் சொல்லிவிடுகிறது. பிசகு நடப்பது விரல்களில். சலவைத் தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவசரத்தில் 500 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 200 என்று அடிக்கப்படுகிறது. வாய்விட்டு எண்ணிக் கொடுக்கும் வழக்கத்தை எந்தக் கடையும் நாளைக்கே தொடங்கலாம். வாங்குகிறவர்களும் நோட்டை நீட்டும்போதே ‘ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கேன்’ என்று சொல்லிக் கொடுப்போம். மேஜையை விட்டு நகராமல் எண்ணுவோம். பின்னால் நிற்பவர் அரை நிமிடம் காத்திருந்தால் குடி முழுகிப் போய்விடாது.

மீதி குறைந்தது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தாலும், கூச்சப்படாமல் அன்றே பில்லோடு திரும்பிப் போங்கள். பில்லில் நேரம் இருக்கும்; கல்லாவுக்கு மேல் கேமரா இருக்கும். எதுவும் இல்லாத சின்னக் கடையென்றால், தொகையையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்து, ‘ராத்திரி கணக்கு முடிக்கும்போது கூடுதலா இருந்தா சொல்லுங்க அண்ணே’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். ‘ஏமாத்திட்டீங்களே’ என்று தொடங்கினால் அவரும் விறைத்துக்கொள்வார். உண்மை வெளியே வராது. நியாயமாகக் கேட்டும் மதிக்காத கடை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வேண்டுமென்றே சில்லறையை முழுங்குகிறவர்களும் உண்டு. நாலு ரூபாய் மீதிக்குக் கேட்காமலே மிட்டாயைத் தள்ளிவிடுவது அந்த வகை. வேண்டாம் என்று சொல்ல நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சில்லறைத் தட்டுப்பாடு என்று சொல்லும் அதே கடைகளில் சில பத்து ரூபாய்க் காசை வாங்க மறுக்கின்றன. அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இல்லையென்றால் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு நோட்டைக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்வார். முன்பின் தெரியாத இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில் சில்லறை மாற்றி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர்களில் தினமும் நடக்கும் இந்த நேர்மையை நம்பித்தான் இதை எழுதுகிறோம்.

ஜிபேயும் போன்பேயும் வந்த பிறகு சில்லறைத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ரொக்கத்தை மட்டுமே நம்பி இன்னமும் கடைக்கு வருகிறவர்களில் முதியவர்களும் சிறுவர்களும் கூலித் தொழிலாளிகளுமே அதிகம்.

கடை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லாவில் இருப்பவருக்கு உட்கார ஒரு நாற்காலியும், நிதானமாக எண்ணிக் கொடுக்க அவகாசமும் கொடுங்கள். கணக்கு குறைந்தால் பிடித்தம் போடுவதற்கு முன் அவர் சொல்வதைக் கேளுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. இந்த வாரம் எந்தக் கடையிலாவது கூடுதலாக வந்த பணம் உங்கள் பையில் இருந்தால், அங்கே சம்பளக் கணக்கு போடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.