ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதாது
ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலாளர் விடுதிகளில் மஞ்சள் காமாலை கண்ட எவருக்கும், ரத்தம் உறையும் நேரத்தையும் சேர்த்த கல்லீரல் பரிசோதனையை அரசு கட்டாயமாக்க வேண்டும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இத்தனை பேர் பொதுக் குடிநீரை நம்பி வாழும் இடத்தில் கல்லீரல் அழற்சி தரும் ஏ, இ வகை வைரஸ்கள் புகுந்தால் என்ன ஆகும்? 1955-56இல் சாக்கடை கலந்த குடிநீரால் டெல்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கண் மஞ்சளித்து, சோற்று வாசனைக்கே குமட்டும் பெண்ணிடம் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் எண் மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்து, கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்புவது வைத்தியமாகாது. எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் எண் ஆயிரத்தைத் தாண்டினால் எல்லோரும் பதறுகிறார்கள். ஆபத்தை அளக்கும் எண் அதுவல்ல. அது இறங்கும்போதே பிலிருபினும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரும் ஏறினால் கல்லீரல் கைவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பிணியானால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. இ வகை தாயின் உயிரையே பறிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அறிய மறுபரிசோதனை வேண்டும். ஆனால் அதற்குப் போகும் நாளில் கூலி போகுமென்றால் ஒப்பந்தத் தொழிலாளி போகமாட்டார். தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ தரும் நோய்க்கால உதவி கூலியில் 70 சதவீதம். அதற்கும் ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த நிபந்தனையைத் தளர்த்துங்கள். பரிசோதனைச் சீட்டைக் காட்டி எவரையும் வேலையை விட்டு அனுப்பவும் கூடாது.