மேடைக்கு ஆள் உண்டு; கழிப்பறைக்கு?

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் மைதானத்தில் நடைபெற்றது. பல மாநிலங்களிலிருந்தும் சுமார் 20,000 பிள்ளைகள் வந்து கூடாரங்களில் தங்கினார்கள். பத்திரிகைகளில் அணிவகுப்புப் படம் வந்தது, கலை நிகழ்ச்சிப் படம் வந்தது, மேடையில் தலைவர்கள் நிற்கும் படமும் வந்தது. அதில் தவறில்லை. ஆனால் அத்தனை பிள்ளைகளுக்கும் விடிந்ததும் முதலில் தேவைப்படுவது கொடியும் பாண்டு வாத்தியமும் அல்ல. ஒரு வாளித் தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும்தான்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நிவாரண முகாம்களுக்கென்று உலக அளவில் ஏற்கப்பட்ட ஸ்பியர் அளவுகோல் ஒன்று உண்டு. ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. இது சௌகரியம் அல்ல, குறைந்தபட்சம். அந்தக் கணக்குப்படியே 20,000 பேருக்கு நாளைக்கு 3 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 10,000 லிட்டர் டாங்கர் லாரி 30 நடை அடிக்க வேண்டும். கழிப்பறை 1,000. அரிசி தலைக்கு 100 கிராம் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு வேளைக்கு 2,000 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை 80.

மூட்டைகளை எண்ணி வாங்க ஒருவர் வேண்டும். லாரி வந்த நேரத்தை நோட்டில் குறிக்க ஒருவர் வேண்டும். தொட்டியில் குளோரின் கலந்து, அரை மணி நேரம் கழித்து அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். சோறு நன்றாக இருந்தால் இவர்களில் எவர் பெயரும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாம்பார் கெட்டுப் போய்ப் பத்துப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் ஊரே பேசும்.

இந்த வேலையை ஏனோதானோ என்று விட்டால் என்ன நடக்கும் என்பதைத் தென் கொரியா காட்டியது. அங்கே சேமாங்கும் என்ற இடத்தில் 2023 ஆகஸ்டில் உலக சாரணர் பெருந்திரளணி நடந்தது. சுமார் 43,000 பேர் கூடினார்கள். கடலைத் தூர்த்து எடுத்த நிலம். மர நிழல் கிடையாது. கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானோருக்கு சிகிச்சை தேவைப்பட்டது. கழிப்பறைகளின் நிலை கண்டு பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். 4,500 பேருடன் மிகப் பெரிய குழுவாக வந்திருந்த பிரிட்டன் பாதியிலேயே கிளம்பிவிட்டது, அமெரிக்கரும் கிளம்பினர். பிறகு பிரதமர் ஹான் டக்-சூ முகாமுக்கு வந்து கழிப்பறையைத் தாமே கழுவினார். சுத்தம் செய்ய ஆட்களும் கூட்டப்பட்டார்கள். கடைசியில் புயல் எச்சரிக்கை வந்து, ஆகஸ்டு 8ம் தேதி முகாமையே காலி செய்ய வேண்டியதாயிற்று. கொரியா பணமில்லாத நாடு அல்ல. பிரதமர் வந்து கழுவியது நல்ல காரியம்தான். ஆனால் பிரதமர் வந்து கழுவ வேண்டிய நிலை ஏற்பட்டது ஏன்?

இங்கே அந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 1901-ல் கல்கத்தா காங்கிரசுக்குச் சென்ற காந்தி, கழிப்பிடங்கள் நாறுவதைக் கண்டு தொண்டர்களைக் கேட்டார். அது தங்கள் வேலை அல்ல, தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. துடைப்பம் ஒன்றைத் தேடி வாங்கி அவரே சுத்தம் செய்தார். மாநாடு இன்னும் சில நாள் நீடித்திருந்தால் தொற்றுநோய் பரவியிருக்கும் என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே மாநாட்டில் காரியதரிசி ஒருவரிடம் போய், குவிந்து கிடந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் குமாஸ்தா வேலையையும் கேட்டு வாங்கிச் செய்தார். இன்னொன்றும் அதே இடத்தில் இருக்கிறது: தமிழ்ப் பிரதிநிதிகள் சாப்பிடுவதைப் பிறர் பார்த்தாலே தீட்டு என்று, அவர்களுக்குத் தட்டி கட்டித் தனிச் சமையற்கூடம் போட்டிருந்தார்களாம். தமிழர் பெருமை பேசும்போது யாரும் எடுத்துச் சொல்லாத பக்கம் இது.

தட்டி போய்விட்டது. ஆனால் தோட்டியின் வேலை என்ற எண்ணம் போகவில்லை; காண்டிராக்டர் வடிவத்தில் நிற்கிறது. பெரிய முகாம் என்றால் வரவேற்புக் குழுவுக்கு ஆள் முட்டி மோதும். அடையாள அட்டையும் தொப்பியும் உடனே தீர்ந்துவிடும். கழிப்பறைப் பக்கம் மட்டும் காண்டிராக்டர் கொண்டுவந்து இறக்கிய நாலு பேர். பெரும்பாலும் ஒரே சாதியார். அவர்கள் எங்கே படுத்தார்கள், எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்பார் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. தொட்டியை உறிஞ்ச இயந்திரம் வேண்டும். அதை இயக்கும் தொழிலாளிக்கு உரிய கூலி வேண்டும். அதைத் தொண்டு என்ற பெயரில் இலவசமாக வாங்கக் கூடாது. ஆனால் தினசரி தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், குப்பையைப் பிரிப்பதும், சோப்பு வைப்பதும் முறை போட்டு எல்லோரும் செய்ய வேண்டிய வேலை. முகாம் அதிகாரியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள், கக்கூஸ் கழுவ அல்ல என்று சில பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். கயிற்றில் முடிச்சுப் போடுவது மட்டும்தான் கல்வியா? 1907-ல் பேடன் பவல் முதல் முகாமை நடத்தியபோது 20 சிறுவர்களை நான்கு அணியாகப் பிரித்து, அந்தந்த அணிக்குப் பொறுப்பைக் கொடுத்துத்தான் நடத்தினார்.

இரவுக் காவல் இன்னும் முக்கியம். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலியாக என்.சி.சி. முகாம் நடத்தி, மாணவிகளுக்குப் பாலியல் கொடுமை இழைத்த செய்தி எல்லோரும் அறிந்ததே. பயிற்சியாளர் யார், எந்த அமைப்பு அனுப்பியது என்று ஒருவர் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அந்த முகாம் தொடங்கியே இருக்காது. பெண் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் விடியவிடிய விழித்திருக்கும் பெண் தொண்டர்கள் இருக்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் தருவதில்லை என்று யாரும் வராமல் இருந்துவிடக் கூடாது.

மும்பைத் தமிழர் இங்கேதான் உதவ முடியும். அகில இந்திய முகாமில் வயிற்று வலியில் துடிக்கும் பிள்ளை இந்தியிலா பேசும்? அதன் வாயில் தாய்மொழிதான் வரும். தமிழும் இந்தியும் மராத்தியும் பேசும் தாராவி வாசி ஒருவர் மருத்துவக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் பாதி வைத்தியம் ஆனது போல. விடியற்காலையில் ஆயிரக்கணக்கில் இட்லி அவிப்பவர்களும், பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றே வளர்ந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். எத்தனை பேருக்கு எத்தனை குழாய் போதும் என்பதை இவர்களைவிட எந்த எஞ்சினீயர் அறிவார்? இவர்களைக் கூலியாட்களாக மட்டும் கூப்பிடாமல், திட்டம் போடும் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும்.

லீவு கிடைக்காது என்பார்கள். ரயில்வேயில் சாரணப் பணிக்கென்று சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. வேலைக்கு எடுப்பதிலும் சாரணர் ஒதுக்கீடு உண்டு; ராஷ்டிரபதி விருதுச் சான்றிதழுக்காகப் பிள்ளையை முகாமுக்குத் துரத்தும் தகப்பனார்கள் அதை நன்றாக அறிவார்கள். கோடையில் ஸ்டேஷன்களில் ரயில் நின்றதும் ஜன்னல் ஜன்னலாக ஓடித் தண்ணீர் கொடுக்கும் சாரணர்களைப் பயணிகள் பார்த்திருக்கலாம். ஒதுக்கீட்டில் உத்தியோகம் பெற்றவர்களில் எத்தனை பேர், உத்தியோகம் கிடைத்த பிறகும் அந்தக் குவளையைத் தொடுகிறார்கள்? தனியார் கம்பெனியில் இருப்பவருக்கு விடுப்புக் கேட்பது கஷ்டம்தான். அவர் ஏழு நாளும் போக வேண்டியதில்லை. முகாமுக்கு முந்திய ஞாயிறு போய்க் குழாய் பதிக்கும் இடத்தில் நின்றாலும் உபயோகம் உண்டு.

பள்ளியிலிருந்து முகாம் படிவம் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்: எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கழிப்பறை, இரவில் உடன் இருப்பது யார், பக்கத்தில் ஆஸ்பத்திரி எது. படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். படிக்கத் தெரியாத தாய் கேட்ட இடத்தில் கைநாட்டு வைத்துவிடுவாள். அந்தத் தெருவில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தமிழில் படித்துச் சொல்லலாம்.