நடைபாதைக்கு முதலிடம்: ஸ்காபரோ பஸ் பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

ரொறன்ரோ மாநகர சபைக்கும் ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கும்:

ஸ்காபரோவில் நடந்தும் பஸ் ஏறியும் பிழைப்புக்குப் போய்வருகிறவர்கள் நாங்கள். விடியுமுன் தொழிற்சாலைக்குக் கிளம்புகிறவர்கள், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்யும் பெண்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடப்போகும் அம்மம்மாக்கள், சக்கர நாற்காலியில் செல்வோர். 2023 ஜூலையில் தடம்புரண்ட ஸ்காபரோ ஆர்.டி. ரயில் பிறகு ஓடவே இல்லை. அதில் போனவர்களும் இப்போது பஸ்ஸுக்கே காத்து நிற்கிறோம். எங்கள் பனிக்காலப் பாடெல்லாம் வீட்டு வாசலுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில்தான்.

2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. பெரிய வீதிகளில் கார்கள் ஓடத் தொடங்கிய பிறகும் நடைபாதைகள் பல மூடியே கிடந்தன. சனம் வீதியில் இறங்கி, காருக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. பனி கொட்டுவதை யாராலும் தடுக்க முடியாது. எந்தப் பாதையை முதலில் தள்ளுவது என்பது மட்டும் உங்கள் தீர்மானம். அதை மாற்றச் சொல்லியே இந்தச் சாசனம்.

முதற் கோரிக்கை, மற்றெல்லாவற்றுக்கும் மேலானது: பஸ் ஓடும் வீதிகளின் நடைபாதை, தரிப்பிடம், சந்தி முனை மூன்றையும் ஒரே வேலையாகக் கொண்டு, குடியிருப்பு வீதிகளுக்கு முன் துப்புரவாக்குங்கள். இன்று அவை வெவ்வேறு வேலைகள். வீதியைத் தள்ளும் பெரிய வண்டி பனியை ஓரத்துக்கு ஒதுக்க, அது சந்தி முனையில் வரம்பாகக் குவிகிறது. பகலில் மேற்புறம் இளகி, இரவில் கல்லாக இறுகுகிறது. பிறகு வரும் சிறிய நடைபாதை வண்டிக்கு அது உடைவதில்லை. பஸ் வந்து முன்கதவு திறந்தால் எதிரே பனிமேடு. சாரதி சாய்தளத்தை இறக்கினாலும் அது படிய இடமில்லை. சக்கர நாற்காலிக்காரர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து பயன் என்ன? அதுவும் அதே மேட்டின் முன்தான் வந்து நிற்கும். பாதையில் 95 வீதம் துப்புரவு என்று கணக்கெழுதலாம். மீதி 5 வீதம் முனையில் கிடந்தால் முழுப் பாதையும் மூடியதற்குச் சமன்.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் நடைபாதைகளை முன்னுக்குக் கொண்டுவந்து துப்புரவு வரிசையை மாற்றிக் காட்டியது. காரணம் இதுதான்: மெல்லிய பனியில் கார் எப்படியும் உருண்டுவிடும். கைத்தடியோடு நடப்பவர் விழுவார். மொன்றியலில் குவிந்த பனியை லொறிகளில் அள்ளிக்கொண்டே போகிறார்கள். பெரும்புயலுக்குப் பின் தரிப்பிட மேடுகளையாவது இங்கும் மூன்று நாளுக்குள் அள்ள வேண்டும்.

இரண்டாவது, பனி தள்ளும் ஒப்பந்தக்காரர்கள். அவர்களின் வண்டிகள் வேலை நேரத்தில் சும்மா தரித்து நின்றதை 2020இல் மாநகரக் கணக்காய்வாளர் நாயகமே ஜிபிஎஸ் பதிவுகளைக் கொண்டு காட்டினார். அந்தப் பதிவுகளை மக்கள் பார்க்கத் திறந்துவிடுங்கள். வண்டி கடந்து போனதை வைத்து 'முடிந்தது' என்று குறிக்காதீர்கள். ஒருவர் நடந்து பார்த்த பிறகு குறியுங்கள். செய்யாத வேலைக்குப் பணத்தை வெட்டுங்கள். ஆனால் உப ஒப்பந்தத்தில் வந்து, கையால் சவள் போடும் தொழிலாளியின் சம்பளத்தில் அந்த வெட்டு விழக் கூடாது.

மூன்றாவது சட்டமன்றத்துக்கு. நடைபாதைப் பனியில் விழுந்தவர் மாநகர சபையிடம் நட்டஈடு கேட்க, 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு மேல் பாரதூரமான கவனயீனத்தையும் நிரூபிக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு தாய்க்கு 10 நாள் எந்த மூலைக்கு? நியாயமான காரணம் காட்டினால் விலக்கு உண்டுதான். அதைப் பெறவும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். தனியார் காணியில் பனியில் விழுந்தவருக்கோ 60 நாள் தவணை. சபைக்கும் அதே தவணையை வையுங்கள். அதுவரை இந்த 10 நாள் விதியைத் தமிழிலும் பிற மொழிகளிலும் நூலகங்களிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஒட்டிவையுங்கள்.

பேஸ்மென்ட் வாடகைக்காரருக்காக: 'பனி தள்ளுவது உன் பொறுப்பு' என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்காரர் தப்ப முடியாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கில் விழுந்தவரும் பேஸ்மென்டில் குடியிருந்தவரே. ஆயினும் பக்கவாசல் படிகள் இன்றும் கண்ணாடியாக உறைந்து கிடக்கின்றன. முறைப்பாடு வந்தால் மாநகரப் பரிசோதகர் மறுநாளே வர வேண்டும். எங்கள் சமூகத்து வீட்டுக்காரர்களுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறோம்.

தனியே வாழும் முதியவர்களின் டிரைவ்வே வாயில் வீதி வண்டி விட்டுச்செல்லும் வரம்பை அன்றைக்கே அகற்றுங்கள். கடுங்குளிரில் ஈரப் பனியை வாரித் தூக்குவது நெஞ்சுவலிக்காரரின் உயிருக்கே ஆபத்து.

உப்பைப் பொறுத்தவரை, சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கு மேல் குளிர் இறங்கினால் அது நன்றாக வேலை செய்யாது. அந்த நாட்களில் மணல் தூவுங்கள். அள்ளிக் கொட்டும் உப்பு எங்கள் ஹைலண்ட் சிற்றாற்றில்தான் போய்ச் சேர்கிறது.

வரும் நவம்பருக்கு முன் புதிய துப்புரவு வரிசையை வீதி வீதியாகப் பிரசுரியுங்கள். ஜனவரியில், பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை ஆறு மணிக்கு, பொறுப்பான அதிகாரிகள் எங்களோடு நடந்து பார்க்க வர வேண்டும். எந்தத் தரிப்பிடம் என்பதை நாங்கள் தெரிவுசெய்வோம்.